பக்கெட்டு பிடிச்சவளுக்கு

என் கண்ணே கனகு, பொய்க்காரி,

காலேஜ் மலர்ல போட உன்னைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாங்க பி.டி. மேடம். உனக்கப்புறம் ஃபுட்பால் டீமுக்குக் கேப்டன் ஆனவ நான்தானாம், அதனால நான்தான் எழுதணுமாம். மத்தவங்க எழுதிக் கொடுத்ததை எல்லாம் வாங்கிப் படிச்சேன். சிரிச்ச முகம், தங்கமான மனசு, களத்தில் ஒரு சிங்கம். ஒருத்தி கவிதையே எழுதியிருக்கா. எனக்கு அப்படி வரலடி. உன்னை நெனைச்சாலே வயிறு எரியுது. அதான் நேரா உனக்கே எழுதறேன். ஊரு படிச்சா படிச்சுட்டுப் போகட்டும்.

எங்களை உன்னை மாதிரி யாரும் ஏமாத்தினது இல்ல. இதை முதல்ல சொன்னாத்தான் மத்ததைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

படிக்கிறவங்களுக்கு நம்ம கிரவுண்டு தெரியாது. உனக்குத் தெரிஞ்சதையே திருப்பிச் சொல்றேன், கொஞ்சம் பொறுத்துக்க. விருத்தாசலத்துல செராமிக் கம்பெனிங்களுக்குப் பின்னாடி இருக்குது நம்ம கிரவுண்டு. பள்ளமா கெடந்த எடத்துல கம்பெனிங்க கழிச்ச ஒடசலைக் கொட்டித்தான் மேடாக்கினாங்க. மேல எவ்வளவு மண்ணு போட்டாலும் ஒரு மழை பேஞ்சா போதும், உள்ளேருந்து பீங்கான் சில்லு எட்டிப் பாக்கும். கப்போட காது, பொம்மையோட மூக்கு, ஃபியூஸ் கட்டையோட மூலை. அது மேல விழுந்தா முட்டி கிழிஞ்சிடும். அதனால ஆடறதுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா நின்னு, இந்தக் கோல் போஸ்ட்லேருந்து அந்தக் கோல் போஸ்ட் வரைக்கும் குனிஞ்சு சில்லு பொறுக்கணும். இது நமக்கு முன்னாடியே இருந்த பழக்கம்.

அப்ப டீமுன்னு பேருதான். சீனியரோட பையை ஜூனியர் தூக்கணும். சீனியரோட ஜெர்சியை ஜூனியர் தொவைக்கணும். பாஸ் குடுக்கலைன்னா பஸ்ஸுல பேச மாட்டாங்க. ஃபர்ஸ்ட் இயர்ல நீயும் நானும் பந்து ரூமுக்குப் பின்னாடி உக்காந்து எவளோ ஒருத்தியோட சாக்ஸைக் கசக்கிக்கிட்டே, "நாம வந்தா இதெல்லாம் மாத்தணும்டி"ன்னு சொல்லிக்கிட்டோமே. நான் சும்மா வாயில சொன்னேன். நீ மனசுல வச்சிருந்தே.

நீ கேப்டன் ஆனதும் பந்து மூட்டையை நீயே தோள்ல போட்டுக்கிட்டே. தண்ணி முதல்ல ஃபர்ஸ்ட் இயருக்குன்னே. அப்புறம்தான் அந்த பக்கெட்டு வந்துச்சு. பழைய பெயிண்ட் பக்கெட்டு. பொறுக்கின சில்லுல ஆளுக்கு ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு வட்டமா நிக்கணும். நீ பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தி முன்னாடியும் வந்து நிப்பே. "எங்கடி வலிக்குது?"ன்னு கேப்பே. வலியைச் சொல்லிட்டு சில்லை உள்ள போடணும்.

முதல் நாள் எல்லாரும் சிரிச்சோம். கோயில் உண்டியல் மாதிரி என்னாடி இதுன்னு நான்தான் கிண்டல் பண்ணேன். ஒருத்தி முட்டின்னா, ஒருத்தி முதுகுன்னா. அப்புறம் மெல்ல மெல்ல வேற வலியெல்லாம் வர ஆரம்பிச்சுது. காலைல சாப்பிடல. இன்னிக்கு ரெண்டாம் நாளு. அண்ணன் போனைப் புடுங்கி வச்சிக்கிட்டான். வூட்டுல மாப்பிள்ளை பாக்கறாங்க. "ஒண்ணும் வலிக்கலக்கா"ன்னு சொன்னவ முன்னாடி நீ நகராம நிப்பே. சாப்பிடாதவளுக்கு உன் பையிலேருந்து வாழைப்பழம் வரும். வயித்து வலிக்காரியை ரொம்ப ஓட வேண்டிய விங்குலேருந்து எடுத்து பின்னாடி நிறுத்துவே. எவளுக்கு என்னா கஷ்டம்னு எல்லாருக்கும் தெரிஞ்சதால ஒருத்தி தப்பு பண்ணா இன்னொருத்தி திட்டறது நின்னு போச்சு. அப்புறம்தான் நாம ஜெயிக்கவே ஆரம்பிச்சோம்.

ரெண்டே சட்டம் வச்சே. வலியை மறைக்கக் கூடாது. வட்டத்துல சொன்னது வெளிய போகக் கூடாது.

அந்த முதல் சட்டத்துக்கு முதல் பலி நான்தான், ஞாபகம் இருக்குதா? கடலூர் டீம் நம்ம கிரவுண்டுக்கு வந்த அன்னிக்கு. எங்கப்பா சேத்தியாத்தோப்புலேருந்து வேலைக்கு லீவு போட்டுட்டு, நான் ஆடறதைப் பாக்க முதல் தடவையா வந்திருந்தாரு. முந்தின நாள் எனக்குக் கணுக்கால் வீங்கியிருந்துச்சு. இறுக்கி துணி சுத்திக்கிட்டு மேல சாக்ஸை ஏத்திவுட்டுட்டேன். பக்கெட்டுல சில்லைப் போடும்போது "தலைவலி"ன்னு சொன்னேன். நீ என் மூஞ்சியைப் பாத்தே, குனிஞ்சு சாக்ஸை எறக்கினே. எல்லார் முன்னாடியும் சொன்னே, "வலியை மறைச்சவ டீமை ஏமாத்தினவ. வெளிய உக்காரு."

எங்கப்பா பக்கத்துலயே போய் உக்காந்தேன். "ஏம்மா, உன்னை எறக்கலியா?"ன்னு கேட்டாரு. ஆட்டம் முடியற வரைக்கும் அவரு என் தண்ணி பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அதுக்கப்புறம் எந்த மேட்சுக்கும் அவரு வரல. அன்னிக்கு உன் மேல ஆத்திரமா வந்தாலும், நீ பண்ணது நியாயம்னு எனக்குத் தெரியும். அந்த நியாயத்தை நம்பித்தானேடி நான் உன் பின்னாடி வந்தேன்?

அப்புறம் ஒரு நாள் காலைல, உங்க தெருக் குழாயடியில, குடத்தைத் தூக்கப் போன நீ அப்படியே சரிஞ்சிட்டியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

நாங்க எல்லாரும் ஜெர்சி போட்டுக்கிட்டு உங்க வூட்டுக்கு வந்தோம். உன் ஜெர்சியை மடிச்சு நான் கையில வச்சிருந்தேன். உங்கம்மா பொம்மை கம்பெனியில பெயிண்ட் அடிக்கிறவங்க, அன்னிக்கும் நகத்துல செவப்பு பெயிண்ட் போகாம இருந்துச்சு. எங்களை ஏற எறங்கப் பாத்தாங்க. "நீங்கள்லாம் பந்து வெளையாடற புள்ளைங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா, கனகுதான் எங்க கேப்டன்னு சொல்லி ஜெர்சியை நீட்டினேன். அவங்க வாங்கல. "எம்பொண்ணு வெளையாட மாட்டாளே. அங்க ஸ்கோரு எழுதறவதானே அவ? அவளுக்கு ஓடக்கூடாதே"ன்னாங்க.

அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. சின்ன வயசுல காய்ச்சல் வந்து உனக்கு இதயத்துல வால்வு கெட்டிருக்குது. மாசாமாசம் பாண்டிக்குப் போய் ஊசி போட்டுட்டு வந்திருக்கே. எங்ககிட்ட பெரியம்மா வூட்டுக்குப் போறேன்னு சொன்னே. உங்கம்மாகிட்ட ஸ்கோரு எழுதறேன்னு சொன்னே. நல்லா பூ சுத்தினேடி ரெண்டு பக்கமும். பேப்பர்ல டீம் போட்டோ வந்தப்பகூட ஓரமா போய் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னியே, கூச்சம்னு நெனைச்சேன். கார்னர் போடும்போதெல்லாம் முட்டியில கையை ஊணிக்கிட்டு குனிஞ்சு நிப்பியே, என்னா யோசிக்கிறா பாரு நம்ம கேப்டன்னு பெருமையா வேற சொல்லிக்குவேன். மேடம்கிட்ட குடுத்த மெடிக்கல் சர்டிபிகேட்டை யாரைப் புடிச்சு வாங்கினே?

"யாருக்குமே தெரியாதாம்மா?"ன்னு உங்கம்மா கேட்டாங்க. "யாருக்கும் தெரியாதும்மா"ன்னு நான்தான் சொன்னேன். நான் உனக்கு அவ்வளவு நெருக்கம்னு ஒரு தைரியம் எனக்கு. அப்ப பின்னாடியிருந்து நம்ம கீப்பர் ஜெனிட்டா சொன்னா, "எனக்குத் தெரியும்."

செத்தது ஒரு பக்கம் இருக்கட்டும் கனகு. அவகிட்ட சொல்லிட்டு என்கிட்ட சொல்லாம போனியே, அது என்னா நியாயம்? ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸு, ஒரே குடைன்னு இருந்தவ நான். என் கணுக்காலைக் கண்டுபிடிச்சவ, உன் நெஞ்சை என்கிட்ட காட்டலியேடி.

அன்னிலேருந்து நான் ஜெனிட்டாகிட்ட பேசறதை நிறுத்திட்டேன். மேடம் என்னைக் கேப்டன் ஆக்கினாங்க. நான் முதல் வேலையா அந்த பக்கெட்டைத் தூக்கி பந்து ரூமுல, கிழிஞ்ச வலைக்கு அடியில போட்டேன். சில்லைப் பொறுக்கி சுவத்துக்கு அந்தாண்ட வீசுங்க, வட்டமும் வேணாம் கிட்டமும் வேணாம்னு சொல்லிட்டேன். பொய் சொல்றவ வச்ச பழக்கத்தை நான் எதுக்குக் கட்டிக் காப்பாத்தணும்?

டீமு எப்படி ஆச்சுன்னு கேக்கறியா? பழையபடி ஆச்சு. ஒருத்தி கையைச் சுளுக்கிக்கிட்டு சொல்லாம ஆடினா. பஸ்ஸுல ரெண்டு கூட்டமா உக்காந்தாங்க, என் பக்கம் கொஞ்சம், ஜெனிட்டா பக்கம் கொஞ்சம். ஃபர்ஸ்ட் இயர் புள்ளைங்க எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு தெரியாம நின்னுக்கிட்டே வந்தாங்க.

கடலூருக்குப் போய் ஆடினோம். கடைசி நேரத்துல ஒரு நீளப் பந்து வந்துச்சு, எனக்கும் ஜெனிட்டாவுக்கும் நடுவுல. கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்கற ஸ்டாப்பர் பேக் நான், கீப்பர் அவ. ரெண்டு பேருல ஒருத்தி குரல் குடுக்கணும். "வுடு"ன்னு அவ சொல்லணும், இல்ல "நீ எடு"ன்னு நான் சொல்லணும். நான் அவளைப் பாத்தேன், அவ என்னைப் பாத்தா. எங்க நடுவால பந்து உருண்டு போச்சு. அவங்க ஃபார்வர்டு சும்மா நடந்து வந்து தட்டிவுட்டா. தோத்துட்டோம்.

மங்கலம்பேட்டை நஸ்ரின் இருக்குதில்ல, நீ லெஃப்ட் விங்குல போட்டியே, ஃபர்ஸ்ட் இயர், அவதான் பூட்ஸைக் கழட்டிக்கிட்டே சொன்னா, "ரெண்டு பேருக்கும் வாய் இருக்குதில்லக்கா, யாராவது ஒருத்தர் கத்தியிருக்கலாம்." எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. மேடம் பஸ்ஸுல ஏறும்போது என்கிட்ட சொன்னாங்க, "அடுத்த ஞாயித்துக்கிழமை நெய்வேலி மேட்ச். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலைன்னா, நான் டீமைப் போட்டியிலேருந்தே எடுத்துடறேன் அமுதா. செத்தவ பேரை வச்சிக்கிட்டு இருக்கறவங்களைக் கெடுக்க நான் வுட மாட்டேன்."

எடுத்தா எடுக்கட்டும்னு ரெண்டு நாள் வீம்பா இருந்தேன். ஆனா நீயும் நானும் சாக்ஸ் கசக்கின எடத்துல இப்ப ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு உக்காந்து எவளோடதோ ஜெர்சியைத் தொவைச்சிக்கிட்டு இருந்தா. அதைப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல. ஆனாலும் ஜெனிட்டா முன்னாடி போய் நிக்க மனசு வரல.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் உங்கம்மா கிரவுண்டுக்கு வந்தாங்கடி.

வேலை முடிச்சு நேரா வந்திருந்தாங்க. தோள்ல டிபன் பை. "அவ எந்த எடத்துல நிப்பா?"ன்னு கேட்டாங்க. நடுக் கோட்டுக்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அங்க நின்னுக்கிட்டு ரெண்டு கோல் போஸ்டையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. "இம்மாந் தூரம் ஓடினாளா?"ன்னாங்க. ஆமாம்மான்னேன். "நல்லா ஓடுவாளா?"ன்னு கேட்டாங்க. "எங்க எல்லாரையும் வுட நல்லா ஓடுவாம்மா"ன்னு ஜெனிட்டா சொன்னா.

புள்ளைங்க சில்லு பொறுக்க ஆரம்பிச்சாங்க. உங்கம்மாவும் பையைக் கீழ வச்சிட்டுக் குனிஞ்சாங்க. "இதை எடுத்து என்னா பண்ணுவீங்க?"ன்னு கேட்டாங்க. நஸ்ரினுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, பக்கெட்டு கதையை முழுசாச் சொல்லிட்டா. வட்டம், சில்லு, எங்கடி வலிக்குது, எல்லாத்தையும். உங்கம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "கனகு என்னா சொல்லிப் போடுவா?"

நஸ்ரின்தான் சொன்னா, "கனகு அக்கா போட மாட்டாங்கம்மா. அவங்க பக்கெட்டைப் பிடிச்சிக்கிட்டு இருப்பாங்க."

"அப்ப அவளுக்கு யாரு பிடிப்பா?"

ரெண்டு கையாலயும் பக்கெட்டைப் பிடிச்சவ எப்படிச் சில்லு போடுவா? அதை நாங்க யாரும் யோசிக்கவே இல்ல. நீ யோசிச்சுத்தான் வச்சிருப்பே. ஊரையே கேக்கறவளை ஒருத்தியும் திருப்பிக் கேக்க மாட்டான்னு உனக்கு நல்லாத் தெரியும்.

நான் பந்து ரூமுக்குப் போய் அந்த பக்கெட்டை எடுத்துட்டு வந்தேன். யார் கையிலயும் குடுக்கல, தரையில வச்சேன். உங்கம்மாதான் முதல்ல சில்லைப் போட்டாங்க. "என்கிட்ட பொய் சொல்லிட்டா. அதான் வலிக்குது"ன்னாங்க. அழல. வேலைக்குப் போறேன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

அடுத்து நான் போனேன். "கனகு மேல எனக்கு ஆத்திரம். ஜெனிட்டா மேலயும் ஆத்திரம்"னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். சில்லு என் உள்ளங்கையைக் கிழிச்சிருந்துச்சு, போட்டப்புறம்தான் பாத்தேன்.

அடுத்து ஜெனிட்டா வந்து, சில்லைக் கையில வச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா. பாண்டி ஆஸ்பத்திரியில அவ அத்தை நர்ஸா இருக்காங்க, அவங்களைப் பாக்கப் போனப்ப ஊசி போடற வரிசையில உன்னைப் பாத்திருக்கா. நீ அவளை வெளிய கூட்டிட்டு வந்து, தரையில கெடந்த ஒரு கல்லை எடுத்து அவ கையில வச்சு, "நாம ரெண்டு பேரும் இப்ப வட்டத்துல நிக்கிறோம். வட்டத்துல சொன்னது வெளிய போகக் கூடாது"ன்னு சொல்லியிருக்கே. "அவ போட்ட சட்டம்தானேன்னு வாயைக் கட்டிக்கிட்டேன். தெனமும் பக்கெட்டுக்கு முன்னாடி நிக்கும்போது அதுதான் வலிக்கும். முட்டின்னு சொல்லிட்டுப் போட்டுடுவேன்"னு சொல்லி அழுதா.

அடிப்பாவி. ரெண்டாவது சட்டத்தைக் காட்டி முதல் சட்டத்தை ஒடைச்சிருக்கே. உன் ரகசியத்தை அந்தப் புள்ளை தலையில கட்டிட்டு நீ பாட்டுக்குப் பந்தைத் தட்டிக்கிட்டு ஓடியிருக்கே. உன்கிட்ட காட்ட வேண்டிய கோவத்தை நான் அவகிட்ட காட்டிக்கிட்டு இருந்திருக்கேன். என்னை மட்டும்தான் நீ ஏமாத்தினதா நெனைச்சேன், அவளைத்தான் நீ ரொம்பப் படுத்தியிருக்கே.

நான் அவளைக் கட்டிப் புடிச்சு அழுதேன்னெல்லாம் நெனைச்சுக்காத. "மூக்கைத் தொடைச்சிக்கிட்டு போய் க்ளவுஸ் போடு"ன்னேன். அவ்வளவுதான் பேசினேன். அது போதுமா இருந்துச்சு.

நெய்வேலிக்குப் போனோம். ரெண்டாவது பாதியில அதே மாதிரி ஒரு பந்து, அதே மாதிரி எங்க நடுவுல. "வுடுடி அமுதா"ன்னு ஜெனிட்டா போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். நான் வுட்டுட்டேன். அவ பாஞ்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. ஜெயிச்சோமான்னு கேக்காத, ட்ராதான். ஆனா திரும்பி வரும்போது பஸ்ஸுல யாரும் நின்னுக்கிட்டு வரல. மேட்ச் பாக்க எங்கப்பாவும் வந்திருந்தாரு. நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன்.

நீ ஏன் சொல்லலைன்னு இப்பவும் ராத்திரி பகல் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லியிருந்தா உன்னை வெளிய உக்கார வச்சிருப்பேன்னா? ஆமாண்டி, வச்சிருப்பேன். எல்லார் முன்னாடியும் திட்டி, கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் உங்கம்மா பக்கத்துல உக்கார வச்சிருப்பேன். மூணு மாசம் என்கிட்ட பேசாம இருந்திருப்பே. இருந்திருப்பே இல்ல?

இனிமே பக்கெட்டு தரையிலதான் இருக்கும் கனகு. எவ கேப்டனா வந்தாலும் அவ சில்லுதான் முதல்ல விழணும், இதுதான் மூணாவது சட்டம். நாங்க போனப்புறமும் இது இருக்கும்படி பாத்துக்கறேன், இது உனக்கு நான் குடுக்கற வாக்கு. ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னாடி நான் முதல்ல போவேன். இப்போதைக்கு உன் பேரைச் சொல்லித்தான் போடறேன். என்னிக்காவது ஒரு நாள் நெஜமாவே முட்டி மட்டும்தான் வலிக்குதுன்னு சொல்லிட்டு வருவேன் போல இருக்குது. அன்னிக்கு உன்னை மன்னிச்சிட்டேன்னு நீயே தெரிஞ்சுக்க.

அது வரைக்கும், எங்கடி வலிச்சுது உனக்கு?

இப்படிக்கு,
உன் கூடப் பொறந்திருந்தா உன்னை அடிச்சாவது கேட்டிருக்கக் கூடியவ,
அமுதா